தேய்க்கக் கூடாத தொட்டி

பளிச்சக்காவுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. கல்யாணமான புதிதில் புருஷனோடு சினிமாவுக்குப் போனவள், முன் நாற்காலியின் முதுகில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். படம் முழுக்க அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் புருஷன், "எப்படிப் போகுது?" என்று ஆசையாய்க் கேட்டார். "பாதி வந்துடுச்சுங்க. மீதிதான் கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள். அந்த மனிதர் இதை இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்படிப்பட்டவள் வாட்டர் சர்வீஸ் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கார், வேன், லாரி எதுவானாலும் மேடையில் ஏற்றி, அடியில் அப்பிய சேறு வரைக்கும் கழுவி அனுப்புகிற இடம். சாய்வாகப் போட்ட சிமெண்ட் தளம், இரண்டு மேடைகள், ஒரு மோட்டார், இரண்டு ஹோஸ், பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் பிரஷ்கள் உயர வாரியாக ஆணியில் தொங்கும். ஒன்று இடம் மாறியிருந்தாலும் உள்ளே நுழையும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதற்கு முன்பு அவள் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் தேய்த்தாள். அங்கே மேஸ்திரி ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்பான். சுத்தமாகத் தேய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் இடுப்பு அந்த வேலையைப் பொறுத்துக்கொண்டது, மனசுதான் பொறுக்கவில்லை. இந்த முற்றத்தில் அப்படி அதட்ட ஆளில்லை. ஒரு வண்டி போதுமான அளவு சுத்தமாகிவிட்டது என்று சொல்லும் அதிகாரம் உலகத்திலேயே இந்த ஓரிடத்தில்தான் அவளுக்கு இருந்தது. அதை விட்டால் மறுபடியும் கேண்டீன்தான்.

துணைக்கு அவள் நாத்தனார். புருஷனின் கடைசித் தங்கை. எதைச் சொன்னாலும் "அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி" என்பதால் அவளுக்கு 'அப்புறம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஹோஸைப் பிடித்தால் நன்றாகத்தான் கழுவுவாள். பிடிக்க வைப்பதுதான் பாடு.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஒரே நீர்த்தேக்கம். அதன் கரையில் வழக்கமாய்த் தண்ணீருக்குள் கிடக்கும் படிகள் வெளியே வந்து வெயில் காய்ந்தன. அடுத்த வருஷமும் இப்படியே போனால் என்ன செய்வது என்று ஊர்கள் ஒன்றுகூடி யோசித்தன. ஆளாளுக்குக் குழாயைத் திறந்துவிட்டுப் பிறகு அடித்துக்கொள்வதைவிட, இருக்கும்போதே சிக்கனம் பிடிப்போம் என்று ஒரு கூட்டுக் குழு வைத்தார்கள். ஒழுகுகிற குழாய்களை அடைத்தார்கள். தோட்டத்துக்கு ஹோஸ் கூடாது என்றார்கள். அப்படியே வாட்டர் சர்வீஸ்களுக்கும் ஒரு சட்டம் வந்தது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. அங்கேயே தெளியவைத்து மறுபடியும் அதிலேயே கழுவ வேண்டும். சோதனையில் தேறினால் குழாயில் நீல வில்லை மாட்டுவார்கள். தேறாவிட்டால் மழை வரும் வரைக்கும் குழாய்க்கு சீல்.

இதை ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாய்ச் சொல்லிக்கொண்டு போனது. பளிச்சக்கா முதல் தடவை ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை. அந்த வண்டியின் கதவில் காய்ந்திருந்த சேற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நம்ம குழாய மூடப் போறாங்களாம்" என்றாள் அப்புறம்.

"யாரு?"

"இப்ப போனாங்களே, அவங்கதான்."

"முதல்ல அவங்க வண்டியக் கழுவச் சொல்லு."

விஷயம் மண்டையில் ஏறியதும் பளிச்சக்கா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். கடைக்கு ஒருவர் வீதம் வந்து பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது. முற்றத்தை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. அப்புறத்தை அனுப்பினாள். அவள் அங்கே போய்த் தூங்கிவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் அப்புறம் முகமெல்லாம் வெளிச்சமாய்த் திரும்பி வந்தாள்.

"அண்ணி, இந்த மாதிரி வேலைதான் நான் இத்தன நாளா தேடிக்கிட்டிருந்தேன்."

"நீ வேலை தேடினியா? எப்ப?"

"கேளுங்க சொல்றேன். மூணு தொட்டி. முதல் தொட்டியில எண்ணெய் மேல மிதக்கும், மண்ணு அடியில தங்கும். நடுவுல இருக்குற தண்ணி ரெண்டாவது தொட்டிக்குப் போகும். அதுல அடியில கல்லு, மேல மணல். தண்ணி மணல் வழியா மெதுவா இறங்கி, மூணாவது தொட்டிக்குத் தெளிவா வந்துடும். நாம ஒண்ணுமே பண்ண வேணாம். சும்மா இருந்தா போதும். அதுவே கழுவிக்கும்!"

தண்ணீர் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பதைக் கேட்டு பளிச்சக்கா உதட்டைப் பிதுக்கினாள். நாத்தனாருக்கு ஏற்ற தொட்டிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தொட்டி கட்டினார்கள். பளிச்சக்காவின் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊரில் அவருக்கு வேன்காரர் என்று பேர். விடுமுறை நாளில் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மணல் மூட்டையை ஏற்றி வந்து இறக்கினார். இறக்கி முடித்ததும் வேனை பளிச்சக்கா கழுவினாள். அது தனிக் கதை. முற்றத்தின் மூலையில் மூன்று தொட்டிகளும் படிப்படியாய் நின்றன. முதல் தொட்டியிலிருந்து மணல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன மோட்டார். இரவும் பகலும் அது நூல் கணக்காய்த் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் கலங்கல்தான் வந்தது. நாளாக ஆக மூன்றாவது தொட்டியின் அடித்தரை தெரிய ஆரம்பித்தது. வேன்காரர் அதில் ஒரு நாணயத்தைப் போட்டு, "அங்க பாரு, தெரியுது" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாருக்கும் சந்தோஷம். பளிச்சக்காவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் கண் மூன்றாவது தொட்டியில் நிற்கவில்லை. இரண்டாவதிலேயே போய் நின்றது.

மணலின் மேல் ஒரு படலம் படர்ந்திருந்தது. பழுப்பும் பச்சையுமாய், வழவழவென்று, ஓரத்தில் குமிழ் விட்டுக்கொண்டு. விரலால் தொட்டால் மூக்கு சிந்தின மாதிரி இழுத்தது. தன் முற்றத்தில், தன் கண்ணெதிரில், இப்படி ஒன்று.

"ஏய், இத எப்ப சுத்தம் பண்ணப் போற?"

"அதத் தொடக் கூடாது அண்ணி. வகுப்புல கண்டிஷனா சொல்லிட்டாங்க."

"தொடக் கூடாதா? இல்ல, அப்புறம் தொடலாமா?"

"எப்பவுமே கூடாது."

பளிச்சக்கா ஒரு பார்வை பார்த்தாள். அடுப்படியைத் துடைக்கச் சொன்னாலும், கொட்டகையைப் பெருக்கச் சொன்னாலும் இந்தப் பெண்ணிடம் ஒரு காரணம் இருக்கும். இப்போது சட்டத்தையே காரணமாக்கிவிட்டாள். சாமர்த்தியக்காரிதான்.

சோதனைக்கு முந்தின நாள் பழைய பைப் மூட்டு ஒன்று கசிகிறது என்று அப்புறம் கடைத்தெருவுக்குப் போனாள். அன்றைக்கு வண்டியும் அதிகமில்லை. பளிச்சக்கா கொட்டகையைப் பெருக்கினாள். மேடையைத் தேய்த்தாள். மோட்டாரின் மூடியைக்கூடத் துணியால் துடைத்தாள். நாளைக்கு ஒரு அதிகாரி வருகிறார். வீட்டுக்கு ஆள் வரும்போது சாப்பாட்டு மேசையில் யாராவது இப்படி ஒன்றை விட்டுவைப்பார்களா? அவள் மணல் தொட்டியருகே போனாள். வந்தாள். மறுபடியும் போனாள். கை தானாக ஆணியில் தொங்கிய பிரஷ்ஷை எடுத்தது.

அதன் பிறகு அவளுக்கு நேரம் போனது தெரியவில்லை. படலத்தை வழித்துச் சாக்கடையில் எறிந்தாள். மேல் மணலை அள்ளி, குழாய்த் தண்ணீரில் அலசி, பிளீச்சிங் பவுடர் போட்டுப் பிசைந்து, மறுபடியும் அலசினாள். தொட்டிச் சுவரைத் தேய்த்தாள். மணல் உப்பு மாதிரி வெளுத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, கேண்டீனை விட்டு வந்த நாளில் இருந்த அதே நிம்மதி அவள் நெஞ்சில் இருந்தது.

அப்புறம் பைப் மூட்டோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். மூட்டு கையிலிருந்து விழுந்து உருண்டது.

"அண்ணி... கொன்னுட்டீங்களே!"

"யார?"

"அது உயிருள்ளது அண்ணி! மணல் இல்ல தண்ணியக் கழுவுறது. அந்த வழவழப்புதான் கழுவுது. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடிக்கணக்குல இருக்கு. அழுக்கத் தின்னு வளருதுங்க. வகுப்புல மைக்ராஸ்கோப் வச்சுக் காட்டினாங்க. ஒண்ணு வால ஆட்டிக்கிட்டு ஓடிச்சு!"

"நீ ஏன் இத முன்னாடியே சொல்லல?"

"தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"நீ எல்லாத்துக்கும்தான அப்படிச் சொல்லுவ!"

யார் மேல் குற்றம் என்று இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. மணல் மட்டும் வெள்ளை வெளேரென்று சிரித்தது.

மறுநாள் காலையில் சோதனைக்காரர் வந்தார். அவர் கையில் எப்போதும் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும் என்பதால் எல்லா ஊரிலும் அவருக்குக் குழாய் சார் என்று பேர். குழாயின் அடியில் கறுப்பாய் ஒரு பெருக்கல் குறி. தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். சிவப்புக் கோடு வரைக்கும் ஊற்றியும் குறி தெரிந்தால் தேறியது. சோதனைக்காரரும் பார்க்க வேண்டும், கடைக்காரரும் பார்க்க வேண்டும். இருவருக்கும் தெரிந்தால்தான் கணக்கு.

குழாய் சார் மூன்றாவது தொட்டியில் மொண்டு ஊற்றினார். நாலு விரல் உயரம்கூட வரவில்லை, குறி காணாமல் போய்விட்டது. கழுவிய தண்ணீர் பால் மாதிரி நின்றது. அவர் குனிந்து மணலைப் பார்த்தார். மூக்கால் இழுத்தார்.

"பிளீச்சிங் பவுடரா?"

பளிச்சக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்ல தண்ணியில அலசினீங்களா?"

"ரெண்டு டிரம்மு" என்று அப்புறம் முந்திக்கொண்டாள்.

குழாய் சார் தலையில் கை வைத்துக்கொண்டு மேடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வண்டி கழுவுறவங்க ஒருத்தரயும் நம்ப முடியல. கோழிப் பண்ணையில ஒழுங்கா இருக்கு. சாயப் பட்டறையில ஒழுங்கா இருக்கு. நீங்க மட்டும்தான், சொல்லி வச்ச மாதிரி, நான் வர்றதுக்கு முந்தின நாள் தேய்ச்சு வச்சிடுறீங்க. ஏம்மா, உங்களுக்கெல்லாம் கை சும்மா இருக்காதா?"

"இருக்காதுங்க" என்றாள் பளிச்சக்கா உண்மையாக.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகச் சட்டம் வளையவில்லை. ஒரு வாரம் தவணை. அதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும். இல்லையென்றால் சீல்.

"சார், அது தானா வளர எத்தன நாள் ஆகும்?"

"வெறும் மணல்ல வளரணும்னா மாசக்கணக்குல ஆகும். நல்லா ஓடுற தொட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் போட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும். உறைக்கு மோர் ஊத்துற மாதிரிதான்."

"பக்கத்துல யார்கிட்ட சார் இருக்கு?"

"பைபாஸ்ல, மீசைக்காரர்கிட்ட. பிரமாதமா வச்சிருக்காரு."

பளிச்சக்காவின் முகம் சுருங்கியது. மீசைக்காரரிடம் அவள் பேச்சை விட்டு வெகுகாலம் ஆயிற்று. அவர் தன் கடைக்கு 'மகா பளிச் வாட்டர் சர்வீஸ்' என்று பலகை மாட்டியதுதான் காரணம். 'பளிச்' என்றாலும் பரவாயில்லை. 'மகா' என்றதுதான் அவளைக் கொன்றது.

குழாய் சார் போன பிறகு வேன்காரர் பெண்சாதியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏம்மா, மீசக்காரன் கால்ல போய் விழணுமா? ஒரு வாரம் கழிச்சு, சார் வர்ற காலையில கடைசித் தொட்டியில நல்ல தண்ணிய நிரப்பிட்டா? யாருக்குத் தெரியும்?"

"கழுவாத வண்டிக்கு மேல பாலிஷ் போடச் சொல்றீங்க."

"குழாய்க்கு சீல் வச்சுட்டா?"

"வச்சா கேண்டீனுக்குப் போறேன். போலி வேலை நான் பண்ணினதில்ல." சொல்லிவிட்டு ஒரு வாளியை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அதையும் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிட்டே கிளம்பினாள்.

மீசைக்காரர் ஒரு டெம்போவுக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். வாளியோடு நிற்கிற பளிச்சக்காவைக் கண்டதும் ஹோஸை நிறுத்தினார்.

"வாங்கக்கா. என்ன இவ்வளவு தூரம்?"

"சும்மாதான்."

"வாளியோடயா?"

பளிச்சக்கா தொண்டையைக் கனைத்தாள். "உங்க தொட்டியிலேர்ந்து கொஞ்சம்... அது வேணும்."

"எது?"

"அதுதான். மேல இருக்குமே."

"எதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்கக்கா."

"அழுக்கு!" என்றாள் பளிச்சக்கா. அவள் குரல் டெம்போவைத் தாண்டி ரோட்டுக்கே கேட்டது. "கொஞ்சம் அழுக்கு குடுங்க!"

மீசைக்காரரின் மீசை இரண்டு பக்கமும் மேலே ஏறியது. "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! பளிச்சக்கா நம்ம கடையில அழுக்கு கேட்டு வந்திருக்காங்க!" ஆட்கள் பிரஷ்ஷும் கையுமாய் வந்து சுற்றி நின்றார்கள். பளிச்சக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் வாளியை அவள் கீழே வைக்கவில்லை.

கல்லாவிலிருந்து மீசைக்காரரின் மனைவி எழுந்து வந்தாள். "போதும் நிறுத்துங்க. இவரு மட்டும் என்னவாம் அக்கா? நீங்களாவது பிளீச்சிங் பவுடர்தானாம், கேள்விப்பட்டேன். இவரு ஆசிட்டே ஊத்தினாரு. மூணு ஊரு தாண்டி ஒரு லாரி செட்டுல போய் அழுதுட்டு வாங்கிட்டு வந்தோம்."

"நான் எங்கடி அழுதேன்?"

"கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆசிட் புகைன்னு வச்சுக்கங்க."

இப்போது ஆட்கள் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். மீசைக்காரரும் சிரித்துவிட்டார். அகப்பையை எடுத்துக்கொண்டு அவரே தொட்டியில் இறங்கினார். ஒரு குழந்தைக்குத் தலை சீவுகிற பக்குவத்தில் படலத்தை மணலோடு சேர்த்து வழித்து வாளியில் போட்டார். "வெயில் படாமக் கொண்டு போங்க. காயக் கூடாது. மூச்சு முட்டவும் கூடாது, மூடிய இறுக்காதீங்க."

"பலகையில அந்த 'மகா'வ எடுத்துட்டா நல்லா இருக்கும்" என்றாள் பளிச்சக்கா வாளியை வாங்கிக்கொண்டே.

"அழுக்கு வாங்க வந்த வாயா இது?" என்றார் அவர்.

திரும்பும்போது புருஷனின் வேனில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குலுங்கும்போதெல்லாம் "பாத்து ஓட்டுங்க, பாத்து ஓட்டுங்க" என்றாள். வேன்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "நம்ம பையன ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தப்பகூட நீ இவ்வளவு சொல்லல" என்றார்.

நாத்தனார் வாளியில் இருந்ததை மணல் மேல் தூவினாள். இனி பளிச்சக்காவுக்கு ஒரே ஒரு வேலை. ஒன்றும் செய்யாமல் இருப்பது. அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். மேடையைத் தேய்த்தாள், போதவில்லை. வேனை இரண்டு தடவை கழுவினாள். பக்கத்துக் கடைக்காரரின் சைக்கிளைக் கேட்காமலே கழுவினாள். தொட்டிப் பக்கம் போனால் அப்புறம் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போறீங்க?"

"பாக்கத்தாண்டி போறேன்."

"கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க."

பளிச்சக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். இத்தனை காலம் நாத்தனாரை விரட்டியதற்கெல்லாம் சேர்த்து வைத்து வாங்கிக்கொண்டாள்.

மணல் மேல் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் பிடித்திருந்த ஒரு நாள் உச்சிவெயிலில் கரண்ட் போய்விட்டது. சின்ன மோட்டார் நின்றது. மணல் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க, திட்டுகள் வெயிலில் மினுங்கின. காய்ந்தால் எல்லாம் போச்சு.

"மக்கு எடு!" என்று கத்தினாள் பளிச்சக்கா.

முதல் தொட்டியில் மொண்டு, மணல் தொட்டியில் ஊற்ற வேண்டும். வேகமாய் ஊற்றினால் மணல் குழிந்துவிடும். நாத்தனார் ஒரு பழைய தட்டை மணல் மேல் வைத்தாள். அதன் மேல் விழுந்து பரவும்படி மெதுவாய் ஊற்றினார்கள். நிழலுக்கு வேன்காரரின் தார்ப்பாயைக் கட்டினார்கள். நேரம் ஏற ஏறக் கை கடுத்தது. ஒரு டாக்ஸிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏங்க, வண்டியக் கழுவுங்கன்னா, மணலுக்குத் தண்ணி காட்டிட்டிருக்கீங்க?"

"மணலுக்கு இல்லண்ணே, உயிருக்கு" என்றாள் அப்புறம் மூச்சு வாங்கியபடி. "கரண்ட் இல்லாம உங்க வண்டியும் கழுவ முடியாது. சும்மா நிக்கிறதுக்குப் பதிலா ஒரு மக்கு எடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். எடுத்தவர் அவசரத்தில் மடமடவென்று கொட்ட, பளிச்சக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மெதுவா! கொழந்த தலையில ஊத்துற மாதிரி ஊத்துங்க. அதுங்களுக்கு வலிக்கும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்புறம் மக்கை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு அடுத்த மக்கை மொண்டாள். அந்த மட்டும் புத்தி இருந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. டாக்ஸிக்காரர் வண்டியைக் கழுவாமலேயே, சட்டை முழுக்கத் தெறித்த தண்ணீரோடு போனார்.

தவணை நாள் வந்தது. படலம் முழுக்கப் படர்ந்துவிடவில்லை. நடுவில் ஒரு கை அகலம் வெள்ளை மணல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. சுவரில் பழுப்பாய் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு காய்ந்த இலை. பளிச்சக்கா இரண்டையும் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

குழாய் சார் வந்ததும் முதலில் மணலைத்தான் பார்த்தார். "இலை இருக்கே! யாரும் கை வைக்கல, நல்ல சேதிதான்" என்றார். பிறகு கண்ணாடிக் குழாயை நிறுத்தி ஊற்ற ஆரம்பித்தார். கால்வாசி வந்தது, குறி தெரிந்தது. பாதி வந்தது, தெரிந்தது. சிவப்புக் கோட்டை நெருங்க நெருங்க அவர் சொட்டுச் சொட்டாய் விட்டார். கோட்டைத் தொட்டதும் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"எனக்குத் தெரியுது. நீங்க பாருங்கம்மா."

பளிச்சக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அடியில் குறி இருந்தது. பனிக்குள் நிற்கிற ஆள் மாதிரி. அவள் இமைக்காமல் பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்னம்மா, தெரியுதா?"

"தெரியுது..." என்று இழுத்தாள். "ஆனா..."

"அண்ணி!" என்று அலறினாள் அப்புறம். "தெரியுதோட நிறுத்துங்க!"

"மங்கலா இருக்குடி. பளிச்சுன்னு இல்லையே. நானே பாத்துட்டு எப்படி மங்கல் இல்லன்னு சொல்றது?"

வேன்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "பதினாறு வருஷமா இப்படித்தான் சார். நீங்க ஒரு நிமிஷம் பாத்தீங்க. நான் கட்டிக்கிட்டிருக்கேன்."

குழாய் சார் பளிச்சக்காவை நிதானமாகப் பார்த்தார். "அம்மா, இந்தத் தண்ணிய நீங்க குடிக்கப் போறீங்களா?"

"இல்ல."

"டயருக்கு அடிக்கப் போறீங்க. பளிச்சுன்னு இருக்கணும்னு யார் கேட்டா? குறி தெரியணும். தெரியுதா, தெரியலையா? ஒரே வார்த்தை."

பளிச்சக்கா மறுபடியும் குனிந்தாள். இந்தத் தண்ணீரை அவளுக்கு நன்றாகவே தெரியும். எத்தனையோ வண்டிகளின் சேறும் எண்ணெயும் சோப்பும் தின்றது. வழவழப்பின் வழியாக ஊர்ந்து, மணல் வழியாக இறங்கி, இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதனிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டுகிற மேஸ்திரியா அவள்?

"தெரியுது சார்" என்றாள். "போதும்."

'போதும்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து அந்த முற்றம் கேட்டதே இல்லை. வேன்காரர் தலை முட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். குழாய் சார் பையிலிருந்து நீல வில்லையை எடுத்துக் குழாயில் கம்பி கோத்து மாட்டினார். அப்புறம் கைதட்டினாள்.

அவர் கிளம்புவதற்குள் வாசலில் ஊர்க் குப்பை லாரி வந்து நின்றது. வாடை முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"கழுவலாமாக்கா? சீல் வச்சுட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்களே?"

"ஏத்துங்கண்ணே மேடையில."

பளிச்சக்கா புதுத் தண்ணீர்க் குழாயைத் திருகி மூடிவிட்டு, மூன்றாவது தொட்டியின் பைப்பில் ஹோஸை மாட்டினாள். மோட்டார் உறுமியது. தண்ணீர் சீறிக்கொண்டு போய் லாரியின் வயிற்றில் மோதியது. டிரைவர் உற்றுப் பார்த்தார்.

"இது ஏற்கெனவே கழுவின தண்ணியாமே?"

"ஆமா. உங்க வண்டிதான் ஏற்கெனவே கழுவாத வண்டி. குறுக்க நிக்காதீங்க, தள்ளுங்க."